டீ குடிக்கும் நேரத்தில் 4 கி.மீ. ஓடத்தான் கரண்ட் ஏறும்: பேட்டரி லோடு வண்டிக்கு வழியில் சார்ஜ் போடுவது எப்படி?

நன்னிலம்:

டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, பேட்டரியில் ஓடும் லோடு வண்டிகள் பக்கம் டெல்டா டிரைவர்களின் பார்வை திரும்பி இருக்கிறது. காய்கறி, தண்ணீர் கேன், பால், கியாஸ் சிலிண்டர், நெல் மூட்டை என்று உள்ளூர் லோடு அடிப்பவர்கள் ஷோரூமில் போய் விலை விசாரிக்கிறார்கள்.

விலையைக் கேட்ட உடனே அடுத்த கேள்வி வருகிறது. "நடுவழியில கரண்ட் தீர்ந்து போச்சுன்னா எங்க போயி சார்ஜ் போடறது?"

நியாயமான கேள்விதான். வண்டி கடனில் வாங்கியது. தவணை மாதா மாதம் கட்டியாக வேண்டும். லோடு ஏற்றிய வண்டி வழியில் நின்றால் அன்றைய வாடகை போச்சு. காய்கறி லோடாக இருந்தால் வாடிப்போன சரக்குக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வேகமாக சார்ஜ் ஏற்றும் மையங்கள் பெரிய ஊர்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் வந்து விட்டன. ஆனால் நன்னிலம், குடவாசல், பேரளம், பூந்தோட்டம் பக்கம் கிராமத்து ரோட்டில் வண்டி ஓட்டுபவர், அந்த மையத்தை நம்பி மட்டும் கிளம்ப முடியாது. அவருக்கு கை கொடுப்பது கடையிலும் வீட்டிலும் இருக்கும் சாதாரண பிளக்தான்.

சின்ன லோடு வண்டிக்கு அந்த பிளக் போதும். ஆனால் எந்த பிளக், எவ்வளவு நேரம், யாருடைய கரண்ட் என்ற மூன்று விஷயமும் தெரிந்து இருக்க வேண்டும். தெரியாமல் சொருகினால் ஒயர் பற்றி எரியும், உயிருக்கே ஆபத்து வரும், சில நேரம் கேசும் வரும்.

சின்ன பிளக்கா, பெரிய பிளக்கா?

நம் வீடுகளில் இரண்டு விதமான பிளக் பாயிண்ட் இருக்கின்றன. செல்போன் சார்ஜர், டேபிள் பேன், டி.வி. சொருகுவது சின்ன பிளக். அது 6 ஆம்பியர் தாங்கும். ஏ.சி., ஹீட்டர், பெரிய கிரைண்டர் போடுவது பெரிய பிளக். அதை சிலர் 15 ஆம்பியர் என்பார்கள், இப்போது வருவது 16 ஆம்பியர். மக்கள் பேச்சில் 'பவர் பிளக்'.

பேட்டரி லோடு வண்டிக்கு பவர் பிளக் மட்டும்தான் சரி. வண்டியோடு கம்பெனி கொடுக்கும் சார்ஜரின் பின் தடியாக இருக்கும். சின்ன பிளக்கில் அது நுழையவே நுழையாது.

நுழையாததற்குக் காரணம் இருக்கிறது. சின்ன பிளக்குக்கு உள்ளே போகும் ஒயர் மெல்லிசு. அதில் 13, 14 ஆம்பியர் இழுத்தால் ஒயர் கொதிக்க ஆரம்பித்து விடும். இது புரியாமல் கடையில் 'கன்வெர்ட்டர்' பின் வாங்கி மாட்டி, பெரிய பின்னை சின்ன பிளக்கில் சொருகுவது, தீயை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறும்?

கணக்கு சுலபம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நம் லைனில் 230 வோல்ட் வருகிறது. பவர் பிளக்கில் சார்ஜர் 13 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு சுமார் 3 யூனிட் செலவாகும். அதில் கொஞ்சம் சூடாக வீணாகிப் போகும். பேட்டரிக்குள் போவது இரண்டரை யூனிட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்.

இப்போது வண்டியைப் பார்ப்போம்.

2020 அக்டோபரில் வந்த மகிந்திரா டிரியோ ஜோர் மூன்று சக்கர லோடு ஆட்டோவில் 7.37 யூனிட் பேட்டரி இருக்கிறது. 550 கிலோ ஏற்றலாம். ஒரு சார்ஜில் சுமார் 80 கி.மீ. ஓடும். இதன் சார்ஜர் மெதுவாக இழுப்பது. பவர் பிளக்கில் முழுசாக ஏற 3 மணி 50 நிமிடம் ஆகும். அதாவது ஒரு மணி நேரம் போட்டால் சுமார் 20 கி.மீ. ஓடலாம்.

2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் மின்சார வண்டி நான்கு சக்கரம். 21.3 யூனிட் பேட்டரி. 600 கிலோ ஏற்றலாம். கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டையாகச் சொன்னால் 15 மூட்டை. சோதனையில் 154 கி.மீ. ஓடியதாகச் சான்று பெற்ற வண்டி. லோடு, வெயில், குண்டும் குழியுமான ரோடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 5 கி.மீ. என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்படிப் பார்த்தால் 100, 105 கி.மீ. வரும்.

இந்த வண்டிக்கு பவர் பிளக்கில் ஒரு மணி நேரம் போட்டால் சுமார் 13 கி.மீ. ஓடலாம். டீ குடிக்க நிறுத்தும் 20 நிமிடத்தில் 4 கி.மீ. ஓடத்தான் கரண்ட் ஏறும். சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், ஒன்றரை மணி நேரத்தில் 20 கி.மீ. சேரும்.

டீசல் போடுவது போல ஐந்து நிமிடத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு பறக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பிளக் சார்ஜ் என்பது வயலுக்கு சின்ன வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி. நிரம்பும், ஆனால் நேரம் எடுக்கும்.

கும்பகோணம் போகலாம், தஞ்சாவூர் போகலாமா?

நன்னிலத்தில் இருந்து திருவாரூர் சுமார் 15 கி.மீ. போய் வந்தால் 30. எந்த பேட்டரி வண்டிக்கும் கவலை இல்லை.

கும்பகோணம் குடவாசல் வழியாக சுமார் 35 கி.மீ. போய் வர 70. நான்கு சக்கர வண்டி தாராளமாகப் போய்த் திரும்பும். மூன்று சக்கர ஆட்டோவுக்கு 80 கி.மீ.தான் ஓட்டம் என்பதால் இழுபறி. மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது ஒரு மணி நேரம் பிளக் கிடைத்தால் 20 கி.மீ. கையில் சேரும். நெஞ்சு படபடக்காமல் வீடு திரும்பலாம்.

தஞ்சாவூர் சுமார் 75 கி.மீ. போய் வர 150. இங்குதான் நான்கு சக்கர வண்டிக்கும் சிக்கல். 105 கி.மீ. ஓடும் வண்டிக்கு இன்னும் 45 கி.மீ. வேண்டும். கைவசம் 10 கி.மீ. இருப்பு வைக்க வேண்டும் என்றால் 55. பவர் பிளக்கில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்க வேண்டும். வாடகை பேசும்போதே இந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நஷ்டம். வேக சார்ஜ் மையம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

டெல்டாவுக்கு ஒரு லாபம் உண்டு. இங்கே மலை ஏற்றம் கிடையாது. தரை சமம். ஏற்றத்தில் பேட்டரி கடகடவென்று இறங்கும் தொல்லை இல்லை. ஆனால் 15 மூட்டை ஏற்ற வேண்டிய வண்டியில் 25 மூட்டை ஏற்றினால் எந்தக் கணக்கும் நிற்காது. டயரில் காற்று குறைந்தாலும் கி.மீ. குறையும்.

பெரிய லாரிக்கு இது ஆகாது

பத்து சக்கர லாரி, டிரெய்லர் எல்லாம் பேட்டரியில் வந்து விட்டன. தமிழ்நாட்டு முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா நிறுவனம் தயாரிக்கும் ரைனோ என்ற 55 டன் டிரெய்லர் லாரியில் 282 யூனிட் பேட்டரி இருக்கிறது. இதை வீட்டு பவர் பிளக்கில் போட்டால் முழுசாக ஏற நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். எனவே பிளக்கில் சார்ஜ் என்ற பேச்சே சின்ன லோடு வண்டிகளுக்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் 2022-ல் விற்பனைக்கு வந்த போர்டு எப்-150 லைட்னிங் என்ற பேட்டரி பிக்கப் வண்டியை வாங்கியவர்கள் இதே தலைவலியை அனுபவித்தார்கள். அதன் சின்ன பேட்டரியே 98 யூனிட். அங்கே சாதாரண வீட்டு பிளக்கில் 120 வோல்ட்தான் வரும். அதில் இரவு முழுவதும் போட்டாலும் பேட்டரியில் ஒரு மூலைதான் நிரம்பும்.

அதனால் வெளியூர் போகும் அமெரிக்கர்கள், வேன் வீடுகள் நிறுத்தும் முகாம்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே 240 வோல்ட்டில் 50 ஆம்பியர் தாங்கும் பெரிய பிளக் இருக்கும். வாடகை கொடுத்து ராத்திரி தங்கி சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார்கள். நம் ஊர் பவர் பிளக், அமெரிக்க வீட்டு பிளக்கைப் போல் இரண்டு மடங்கு கரண்ட் தரக்கூடியது. நம் லோடு வண்டியின் பேட்டரியும் சின்னது. இந்த விஷயத்தில் நன்னிலம் டிரைவருக்குத்தான் வசதி.

இங்கிலாந்தில் போன நூற்றாண்டில் வீடு வீடாகப் பால் பாட்டில் போட்டது பேட்டரி வண்டிகள்தான். ராத்திரி டெப்போவில் சார்ஜ், விடியற்காலையில் பால் விநியோகம், பிறகு மறுபடியும் சார்ஜ். தினமும் போகும் தெருவும் தூரமும் முன்கூட்டியே தெரியும் என்பதால், பழைய கால ஈயம், அமில பேட்டரியை வைத்தே பல ஆண்டுகள் தொழில் நடந்தது. தினமும் ஒரே ரூட்டில் பால், தண்ணீர் கேன் போடுபவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஒயர் சூடானால் உஷார்

மிக்சி ஐந்து நிமிடம் ஓடும். அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும். வண்டி சார்ஜர் ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் 13 ஆம்பியர் இழுக்கும். இந்த வித்தியாசம்தான் ஆபத்துக்கு வேர். ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும் ஒயர் ஐந்து மணி நேரத்துக்குத் தாங்காது.

பவர் பிளக்குக்கு குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும். தினமும் வண்டி சார்ஜ் போடும் பாயிண்டுக்கு 4 சதுர மி.மீ. ஒயரைத் தனியாக மெயின் போர்டில் இருந்தே இழுத்து, தனி எம்.சி.பி. போடுவது நல்லது. லைட், பேன் ஓடும் லைனில் இருந்து பிரித்து எடுக்கக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் கும்பிடு போட்டு ஒதுங்கி விட வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாக்ஸ்கள் பெரும்பாலும் 6 ஆம்பியர் ரகம். ஒரு சதுர மி.மீ. தடிமன் உள்ள 30 மீட்டர் ஒயரில் 13 ஆம்பியர் போனால், 14 வோல்ட் வழியிலேயே தொலைந்து போகும். தொலைந்த கரண்ட் எங்கே போகிறது? ஒயரைச் சூடாக்குகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டு எரியும் அளவுக்கு சூடு அந்த ஒயரில் ஏறும். ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியே போகாமல் பிளாஸ்டிக் உருகி விடும்.

வேறு வழியே இல்லை என்றால், தடி ஒயர் போட்ட 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனை, சுருளை முழுசாகப் பிரித்து, தரையில் தண்ணீர் படாமல் போட வேண்டும்.

புது இடத்தில் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் கழித்து கட்டாயம் ஒரு சோதனை செய்ய வேண்டும். சுவிட்சை நிறுத்தி, பின்னைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் பாகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த பிளக் ஆகாது. பிளக் ஓட்டையைச் சுற்றி பழுப்புக் கறை, கருகல் வாசனை, சொருகினால் ஆடும் தொளதொளப்பு, இந்த மூன்றில் எது இருந்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எர்த் இல்லாத பிளக் எமன்

பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது. மேலே உள்ள பெரிய ஓட்டைதான் எர்த். பழைய ஓட்டு வீடுகளிலும் ரோட்டோர கீற்றுக் கொட்டகைக் கடைகளிலும் ஓட்டை மட்டும் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது.

வண்டி என்பது ரப்பர் டயர் மேல் நிற்கும் இரும்புப் பெட்டி. சார்ஜரில் கோளாறு ஏற்பட்டு கரண்ட் பாடிக்கு வந்தால், எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கி, பீஸ் போய் விடும். எர்த் இல்லை என்றால் கரண்ட் வண்டி உடம்பிலேயே காத்துக்கொண்டு இருக்கும். ஈரத் தரையில் வெறும் காலோடு நின்று கதவைத் தொடுபவர் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும்.

இதனால்தான் நல்ல சார்ஜர்கள் முதலில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கின்றன. இல்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. அப்போது சிலர் செய்யும் வேலைதான் விபரீதம். எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து சார்ஜரை ஏமாற்றுகிறார்கள். லைனில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த நிமிடமே வண்டியின் இரும்பு முழுவதும் கரண்ட் பாயும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏமாற்றப் பார்க்காமல் வேறு இடம் தேட வேண்டும்.

வீட்டில் தினமும் சார்ஜ் போடுபவர்கள் தனி எர்த் குழி தோண்டி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்திக்கொள்ள வேண்டும். ஊரில் இதை இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். டெல்டா களிமண்ணில் ஈரம் இருக்கும் வரை எர்த் நன்றாகப் பிடிக்கும். கோடையில் வயல் வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்து போகும். வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

திரீ பேஸ் லைன் உள்ள வெல்டிங் பட்டறை, ரைஸ் மில்லில் சார்ஜ் போடுபவர்கள், அங்கே ஏற்கனவே இருக்கும் பவர் பிளக்கில் மட்டும் போட வேண்டும். போர்டைத் திறந்து தாங்களே ஒயர் மாட்டக் கூடாது. இரண்டு பேஸ் மாறி மாட்டினால் 230-க்குப் பதில் 415 வோல்ட் வரும். சார்ஜர் புகைந்து விடும். வண்டியில் விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று.

லோ வோல்டேஜ் தொல்லை

சாயங்காலம் 6 மணியில் இருந்து 10 மணி வரை எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடும். லைன் கடைசியில் உள்ள கிராமத்தில் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், மணிக்கு 3 யூனிட் இழுத்த சார்ஜர் இரண்டு சொச்சம் யூனிட்தான் இழுக்கும். ஆறு மணி நேர வேலை எட்டு மணி நேரமாக நீளும். இன்னும் இறங்கினால் சார்ஜர் தானே நின்று விடும்.

எனவே ராத்திரி 10 மணிக்கு மேல் போட்டு விடியற்காலையில் எடுப்பது உத்தமம். பகலில் லோடு இல்லாத நேரத்திலும் போடலாம்.

2012-ல் டெல்டாவில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலம் மலை ஏறி விட்டாலும், துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று பகல் முழுவதும் கரண்ட் நிறுத்துவது வழக்கமாக நடக்கிறது. 'நாளை மின்தடை' என்று பேப்பரில் வரும் அறிவிப்பை பேட்டரி வண்டி வைத்திருப்பவர் தவறாமல் பார்க்க வேண்டும். தன் ஊருக்கு மட்டும் அல்ல, போகிற ஊருக்கும் பார்க்க வேண்டும்.

வழியில் யாரைக் கேட்பது?

பவர் பிளக் எங்கே இருக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய கிரைண்டர் ஓடும் ஓட்டல், காற்று அடிக்கும் பஞ்சர் கடை, ரைஸ் மில், லேத் பட்டறை, ஏ.சி. அறை உள்ள லாட்ஜ், கல்யாண மண்டபம். இங்கெல்லாம் பவர் பிளக் இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டிக்கடையில் கேட்டுப் பயன் இல்லை.

"கரண்ட்டை வித்தா கேஸ் போடுவாங்க" என்று கடைக்காரர் தயங்கலாம். அந்தப் பயம் தேவை இல்லை. வண்டிக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு சேவைதான், மின்சாரம் விற்பதாக ஆகாது, அதற்கு லைசென்ஸ் தேவை இல்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே விளக்கம் கொடுத்து விட்டது.

ஆனால் ஓசியில் கேட்பது முறை அல்ல. கடைக்காரர் கட்டுவது வீட்டு ரேட் இல்லை, கடை ரேட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 3 யூனிட்டுக்கு 30 ரூபாய் கரண்ட்டுக்கே போகும். இடத்துக்கும் சேர்த்து மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தால், அடுத்த முறை வண்டியைப் பார்த்ததும் "வாங்கண்ணே, பிளக் காலியாத்தான் இருக்கு" என்பார். சொருகும் முன்பே மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் பின்னால் வாய்த்தகராறு வராது. வழக்கமாகப் போகும் ரூட்டில் இப்படி இரண்டு, மூன்று இடத்தைப் பழக்கம் பிடித்து, போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது அனுபவசாலிக்கு அழகு.

கடைக்காரர்களுக்கும் இதில் வருமானம் இருக்கிறது. 3,500 ரூபாய்க்குள் ஒரு சின்ன சார்ஜிங் பெட்டி கிடைக்க வேண்டும் என்ற இலக்குடன், அதற்கான இந்தியத் தர விதி 2021-ல் கொண்டு வரப்பட்டது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 3 கிலோவாட் வரை கொடுக்கும் பெட்டி அது. வண்டி சார்ஜ் ஏறும் நேரத்தில் டிரைவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். டீயும் வடையும் சாப்பிடுவார் என்பது ஓட்டல்காரருக்குத் தெரியாதது அல்ல.

பம்ப்செட் கரண்ட்டில் போட்டால் சிக்கல்

வயல் ஓரத்தில் வண்டி நின்று விட்டது. பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை. தெரிந்தவருடையதுதான். அங்கே சொருகினால் என்ன என்று தோன்றும். கூடாது.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுக்கிறார்கள். அது பயிருக்குத் தண்ணீர் இறைக்கத்தான். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சார சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் போடலாம். அபராதம் வண்டிக்காரருக்கு அல்ல, சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அந்த விவசாயிக்குத்தான் முதலில் வரும். உதவி செய்தவர் தலையில் பாரத்தைக் கட்டியது போல ஆகி விடும். குடிசை வீட்டு இலவச சர்வீசுக்கும் இதே கதைதான். அது விளக்கு எரிய கொடுத்தது. அந்த மெல்லிய ஒயர் வண்டி சார்ஜரைத் தாங்கவும் தாங்காது.

ரோட்டோரக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது நேரடியாகத் திருட்டு. 135-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு இடம் இருக்கிறது. அதற்கு முன்பே கம்பத்தில் உயிர் போகவும் வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் போடுவதற்கு முன்...

சொந்த வீட்டு இணைப்பில் சொந்த வண்டிக்கு சார்ஜ் போட மத்திய அரசின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் வாங்கிய லோடு ஒன்று அல்லது இரண்டு கிலோவாட்தான். வண்டி சார்ஜர் மட்டுமே 3 கிலோவாட். எனவே மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வாடகை வண்டிக்கு வீட்டு ரேட் பொருந்துமா, தனி மீட்டர் வைக்க வேண்டுமா என்பதையும் அங்கே உதவி மின்பொறியாளரிடம் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

வீட்டு பில்லில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். மூன்று சக்கர வண்டிக்கு ஒரு முழு சார்ஜுக்கு சுமார் 8 யூனிட். மாதம் 25 நாள் போட்டால் 200 யூனிட். வீட்டுச் செலவோடு இது சேரும்போது பில் எகிறும். அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் மூன்று சக்கர வண்டிக்கு கி.மீ.க்கு ஒரு ரூபாய், நான்கு சக்கர வண்டிக்கு இரண்டே கால் ரூபாய். டீசல் வண்டி லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தாலும் கி.மீ.க்கு 5 ரூபாய் ஆகி விடும்.

பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து கொண்ட இந்த வாடகை வண்டிகளுக்கு பர்மிட் தேவை இல்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் விலக்கு அளித்ததும் ஒரு மிச்சம்.

மழைக்காலத்தில் கவனம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பெரிய சோதனை. வண்டிக்கு அடியில் உள்ள பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டு இருக்கும். ஆனால் சுவரில் உள்ள பிளக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மழையில் நனையும் பிளக்கில் குடை பிடித்துக்கொண்டு சார்ஜ் போடுவது கூடாது. சார்ஜர் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஆணியில் மாட்ட வேண்டும். ஈரக் கையோடு பின்னைத் தொடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது குழந்தைகளை வண்டியில் ஏறி விளையாட விடக் கூடாது.

2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு புயல் மறுபடி வந்தால் பேட்டரி வண்டி வைத்திருப்பவருக்கு டீசல் கேன் போல எதையும் வாங்கி வைக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழு சார்ஜ் ஏற்றி, வண்டியை மேடான இடத்தில் நிறுத்தி வைப்பது ஒன்றுதான் வழி. கரண்ட் திரும்ப வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். உடனே சொருகாமல் கொஞ்சம் பொறுத்துப் போடுவது சார்ஜருக்கு நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

கம்பெனி கொடுத்த சார்ஜரும் ஒயரும் எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டும். வீட்டில் மாட்டி வைத்து விட்டுக் கிளம்பினால், வழியில் பிளக் கிடைத்தும் பயன் இல்லை. மலிவு விலை டூப்ளிகேட் சார்ஜர் வேண்டவே வேண்டாம். லைன், நியூட்ரல், எர்த் சரியாக இருக்கிறதா என்று விளக்கு எரிந்து காட்டும் மூன்று பின் டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. புது இடத்தில் சார்ஜரைச் சொருகும் முன் அதைச் சொருகிப் பார்த்து விட வேண்டும்.

மீட்டரில் 20 சதவீதம் காட்டும்போதே பிளக் தேட ஆரம்பித்து விட வேண்டும். 5 சதவீதம் வரை ஓட்டி விட்டுத் தேடினால், கிடைத்த பிளக்கில் எல்லாம் சொருகத் தோன்றும். பெரும்பாலான ஆபத்து அந்த அவசரத்தில்தான் வருகிறது. ராத்திரி வீட்டில் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்புகிற டிரைவருக்கு வழியில் உள்ள பிளக் ஆபத்துக்கு உதவும் நண்பன். அதையே நம்பிக் கிளம்புகிறவருக்கு அது காலை வாரி விடும்.